நானோகிராமின் சாட்சி: வெடிபொருள் எச்சத்தை ஆய்வகம் அடையாளம் காணும் விதம்

1974 நவம்பர் 21 இரவு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். அதே இரவில், பெல்ஃபாஸ்ட் கப்பலைப் பிடிக்க ஹீஷம் துறைமுகத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த ஐந்து பேரைப் போலீஸ் பிடித்தது. ஆறாவது ஆள் மறுநாள் கைதானார். ரயிலில் வந்தவர்களின் கைகளை மோர்கம் காவல் நிலையத்தில் வைத்து ஒரு தடயவியலாளர் பஞ்சால் துடைத்து, கிரீஸ் சோதனை என்ற நிறச் சோதனையைச் செய்தார். இரண்டு பேரின் கையில் எடுத்த கரைசல் இளஞ்சிவப்பானது. அவர்கள் நைட்ரோகிளிசரினைத் தொட்டிருக்கிறார்கள் என்பதில் தனக்கு 99 விழுக்காடு உறுதி என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். 1975 ஆகஸ்டில் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1991 மார்ச் 14 அன்று அந்தத் தண்டனை ரத்தானது. பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் சிறையில் இருந்தார்கள்.

ரயிலில் அவர்கள் சீட்டு ஆடிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காலச் சீட்டுகளுக்கு நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசுவது வழக்கம். சீட்டைக் கலைத்துப் போட்ட கையைத் துடைத்தாலும் கிரீஸ் சோதனை சிவக்கும் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் இந்தத் துறையின் பாதிப் பிரச்சினை புரியும். கிரீஸ் சோதனை தேடுவது வெடிபொருளை அல்ல, நைட்ரைட் அயனியை. துடைத்தெடுத்த கரைசலில் காஸ்டிக் சோடா சேர்த்தால் நைட்ரேட் எஸ்டர் (நைட்ரோகிளிசரின், நைட்ரோசெல்லுலோஸ் வகைச் சேர்மம்) உடைந்து நைட்ரைட் வெளிவரும். அது சல்ஃபானிலிக் அமிலத்தோடு சேர்ந்து டயசோனியம் உப்பாகும், அந்த உப்பு நாஃப்தைல் அமீன் வகைப் பொருளோடு இணைந்து சாயமாகும். நைட்ரோகிளிசரின் சுலபமாக உடைகிறது. நைட்ரோசெல்லுலோஸ் உடைய வலுவான காரம், கூடுதல் நேரம் அல்லது கூடுதல் சூடு வேண்டும். அதனால் சோடா 0.1 விழுக்காடா 1 விழுக்காடா, அறை எவ்வளவு சூடாக இருந்தது என்பவற்றில்தான் சோதனை எதைக் காட்டுகிறது என்பதே அடங்கியிருக்கிறது. பர்மிங்காம் வழக்கில் பின்னாளில் நடந்த வாதம் பெரும்பாலும் இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தைச் சுற்றியே நடந்தது.

நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையும் நைட்ரேட் எஸ்டர்தான். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரினே மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. பி.இ.டி.என். என்ற வெடிபொருள்கூட ஒரு காலத்தில் இதய நோயாளிகளுக்கான மாத்திரையாக விற்றது. நகப்பூச்சிலும் மரச்சாமான் மெருகிலும் நைட்ரோசெல்லுலோஸ் உண்டு. ஆகவே இன்றைய ஆய்வகங்களில் நிறச் சோதனைக்கு ஒரே ஒரு வேலைதான்: எந்த மாதிரியை முதலில் கருவிக்கு அனுப்பலாம் என்று வழிகாட்டுவது. அதை முடிவாக எழுதக் கூடாது.

சம்பவ இடத்தில்

முழுமையாக வெடித்த குண்டுகூட கொஞ்சம் வெடிக்காத பொருளை விட்டுவிட்டுத்தான் போகிறது. பொதியின் வெளி ஓரத்தில் வினை முடியும் முன்பே சில துகள்கள் சிதறிவிடும். அளவு பெரும்பாலும் நானோகிராம் முதல் மைக்ரோகிராம் வரை. ஒரு சர்க்கரைப் பரலைப் பல ஆயிரம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் துண்டு எங்கே ஒட்டியிருக்கும்? குழி மண்ணை அள்ளிக்கொண்டு வருவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மண்ணில் இயல்பாகவே நைட்ரேட் இருக்கிறது, உரம் இருக்கிறது, டி.என்.டி.யைத் தின்று அமினோ சேர்மங்களாக மாற்றும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. வெடித்த இடத்தைப் பார்த்து நின்ற உலோகத் தகடு, ஓட்டுத்துண்டு, வண்டியின் உட்பக்கம், பையின் பூட்டு, இறந்தவரின் உடை ஆகியவைதான் நல்ல மாதிரிகள். மண் எடுத்தால், வெடிப்புக்கு எட்டாத தூரத்தில் இருந்து அதே வகை மண்ணை ஒப்பீட்டுக்குக் கட்டாயம் எடுக்க வேண்டும். அது இல்லாமல் வந்த குழி மண்ணில் நைட்ரேட் இருக்கிறது என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. மழை வந்தால் அவசரம் கூடும். அம்மோனியம் நைட்ரேட், குளோரேட் போன்ற உப்புகள் முதல் தூறலிலேயே கரைந்து போகும், ஆர்.டி.எக்ஸ். போன்றவை தண்ணீரில் அவ்வளவு எளிதில் கரையாது.

முதல் துடைப்பு மாதிரி எடுக்க வேண்டியது சம்பவ இடத்தில் இல்லை, எடுப்பவரிடம். புதுக் கையுறை, மேலுடை, மேஜை, மாதிரிப் பெட்டி எல்லாவற்றையும் வேலை தொடங்கும் முன் துடைத்து, அதைத் தனியாக முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். சம்பவ இடத்துக்குப் போன குழு சந்தேக நபரின் வீட்டுக்குப் போகக் கூடாது. வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் தொட்ட பொருள் எது, தொடாதது எது என்று பட்டியல் வேண்டும். அவர்கள் உடையில் ஆர்.டி.எக்ஸ். இருப்பது அவர்கள் தொழிலின் இயல்பு.

பொதியும் முக்கியம். சாதாரண பாலித்தீன் பையில் ஆவி ஊடுருவும், உள்ளே இருப்பது வெளியே போகும், பக்கத்துப் பையில் இருப்பது உள்ளே வரும். நைலான் பை, அல்லது இறுக்கி மூடும் புதுத் தகர டப்பா வேண்டும். துணியில் சுற்றி நூல் கட்டி அரக்கு முத்திரை வைக்கும் நம் ஊர் வழக்கம், பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காட்டும் காவல் சங்கிலிக்கு நல்லது, ஆவியை அது தடுக்காது. முதலில் நைலான், அதற்கு மேல் துணி என்று வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் நடக்கும். டி.ஏ.டி.பி. போன்ற பெராக்சைடு வகை வெடிபொருள்களுக்கு இது உயிர்நாடி. 25 பாகை செல்சியஸில் அதன் ஆவியழுத்தம் டி.என்.டி.யைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. காகித உறையில் வந்தால் ஆய்வகத்துக்கு வந்து சேர்வது உறை மட்டும்தான்.

கடைசிச் சொட்டு

ஆய்வகத்தில் வரிசை முக்கியம். முதலில் பொதியைத் திறக்காமலே ஊசியால் உள்ளிருக்கும் காற்றை எடுத்து ஆவிப் பொருள்களைத் தேடுவார்கள், திறந்தபின் அந்த வாய்ப்பு திரும்பாது. அடுத்து 10 முதல் 40 மடங்கு வரை பெருக்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி. வெடிமருந்தின் எரியாத மணி ஒன்று, பிளாஸ்டிக் பொதி ஒட்டிய துகள் ஒன்று, ஒரு வயர் துண்டு கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. கையால் பொறுக்கி எடுக்க முடிந்த ஒரு பரல், கரைத்தெடுத்த நூறு கரைசல்களைவிட மேலானது. அதை நேராக அகச்சிவப்பு அல்லது ராமன் நிறமாலைக்குக் கொடுத்து, முழுச் சேர்மமாகவே அடையாளம் காணலாம்.

பரல் கிடைக்காதபோதுதான் கரைத்தெடுப்பது. முதலில் அசிட்டோன் அல்லது மெத்தனால், ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என்., டி.என்.டி., நைட்ரோகிளிசரின் இவற்றுக்காக. அதன்பின் அதே பஞ்சு தண்ணீருக்கு, உப்புகளுக்காக. பஞ்சுக்கு 2 முதல் 5 மி.லி. கரைப்பான் போதும். சில நிமிடம் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மெல்லிய நைட்ரஜன் காற்றில் சுருக்க வேண்டும்.

கை தவறுவது இங்கேதான். குழாயின் அடியில் அரை மி.லி. அசிட்டோன் நிற்கிறது, இன்னும் கொஞ்சம் சுருக்கினால் செறிவு கூடுமே என்று தோன்றும். சூடான தட்டில் வைத்து முழுக்க உலர விட்டால் நைட்ரோகிளிசரினும் எத்திலீன் கிளைக்கால் டைநைட்ரேட்டும் அந்தக் கடைசிச் சொட்டோடு ஆவியாகிவிடும். எச்சம் இல்லை என்று அறிக்கை போகும், இருந்ததை ஆய்வகமே ஓட்டிவிட்டது என்பது யாருக்கும் தெரியாது. அறை வெப்பத்திலேயே சுருக்கி, அரை மி.லி.யில் நிறுத்த வேண்டும். எவ்வளவு மீள்கிறது என்று பார்க்க, மாதிரியில் இருக்க வாய்ப்பில்லாத ஒரு பொருளை (உள்தரப் பொருள்) தெரிந்த அளவில் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

எண்ணெய், புகைக்கரியில் ஒட்டிய கரிமப் பொருள்கள், பல பிளாஸ்டிக்குகள் எல்லாம் அசிட்டோனில் கரையும். அப்படியே கருவிக்குள் செலுத்தினால் வெடிபொருளைக் காட்டும் வரைபட உச்சிகள் மூழ்கிப்போகும். திண்மப் பொருள் நிரப்பிய குழாய் வழியே வடித்துச் சுத்தம் செய்யும் படி அதற்காகத்தான்.

மெல்லேட்டு வண்ணப்பிரிகை இன்னும் பல ஆய்வகங்களில் அன்றாடக் கருவி. சிலிக்கா பூசிய தட்டில் புள்ளி வைத்து, கரைப்பானில் நிறுத்தி, ஏறிய உயரத்தை அளந்து, சாயம் தெளிப்பார்கள். மலிவு, வேகம். ஆனால் ஒரு கரைப்பானில் ஒரே உயரத்துக்கு ஏறும் பொருள்கள் பல. பர்மிங்காமுக்கு அடுத்து வந்த மக்வாயர் குடும்ப வழக்கு இதன் பாடம். கைத்துடைப்பிலும் கையுறையிலும் நைட்ரோகிளிசரின் கிடைத்தது என்று 1976-இல் ஏழு பேர் தண்டிக்கப்பட்டார்கள். பயன்பட்டது டொலுயீன் கரைப்பானில் ஓட்டிய மெல்லேடு. அந்த ஓட்டத்தில் பி.இ.டி.என்.னும் நைட்ரோகிளிசரினும் பிரிந்து நிற்பதில்லை. வீட்டில் எல்லோரும் கை துடைத்த துண்டு வழியாக, எதுவும் தெரியாமலே, எச்சம் கைமாறியிருக்கலாம் என்பதையும் மறுக்க முடியவில்லை. 1991 ஜூனில் தீர்ப்பு ரத்தானது. அதற்குள் அவர்களில் ஒருவர், ஜுசெப்பே கான்லன், 1980-இல் தண்டனைக் காலத்திலேயே இறந்துவிட்டார்.

மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்கி ஒரு நீண்ட குழாய் வழியே ஓட்டிப் பிரிக்கும் வாயு வண்ணப்பிரிகை டி.என்.டி.க்கும் நைட்ரோகிளிசரினுக்கும் நன்றாக வேலை செய்யும். ஆர்.டி.எக்ஸ்.சும் பி.இ.டி.என்.னும் சூடான நுழைவாயிலிலேயே உடையும், எச்.எம்.எக்ஸ். என்ற வெடிபொருள் பெரும்பாலும் வெளியே வரவே வராது. நுழைவாயிலின் வெப்பத்தைக் குறைத்து, குட்டையான குழாயைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். இன்னொரு சிக்கல், மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானியில், நைட்ரேட் எஸ்டர் எதுவானாலும் எலக்ட்ரான் மோதலில் நிறை எண் 46, 76 ஆகிய துண்டுகளையே பெரிதாகத் தரும். 46 என்பது நைட்ரஜன் டை ஆக்சைடு. அதை மட்டும் கண்காணித்து இது நைட்ரோகிளிசரின் என்று எழுதுவது, சீருடையைப் பார்த்து ஆளின் பெயரைச் சொல்வது மாதிரி.

இன்று நம்பத்தகுந்தது திரவ வண்ணப்பிரிகையோடு சேர்ந்த நிறை நிறமாலைமானி. சூடு தேவையில்லை, மூலக்கூறு முழுசாக வரும். ஆர்.டி.எக்ஸ்.சின் மூலக்கூறு எடை 222. அது தனியாக அயனியாவதில்லை, கரைசலில் கிடைக்கும் எதிர் அயனி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். குளோரைடு சேர்ந்தால் 257, ஃபார்மேட் சேர்ந்தால் 267, அசிட்டேட் சேர்ந்தால் 281, நைட்ரேட் சேர்ந்தால் 284. கரைப்பான் பாட்டிலில் இருக்கும் அழுக்கைப் பொறுத்து ஒரே பொருளின் சமிக்ஞை நாலாகச் சிதறினால், சிறிய அளவு கண்ணில் படாமலே போய்விடும். அதனால் ஓடுகரைசலில் வேண்டுமென்றே துளி அம்மோனியம் குளோரைடு சேர்த்து எல்லாவற்றையும் 257-க்குக் கொண்டுவருகிறார்கள். கூடவே ஒரு நன்மையும் கிடைக்கிறது. குளோரின் இயற்கையில் 35, 37 என இரண்டு நிறைகளில் ஏறத்தாழ 3:1 விகிதத்தில் இருக்கிறது. எனவே 257-க்குப் பக்கத்தில் 259 மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது ஆர்.டி.எக்ஸ். அல்ல.

உப்புகள் சொல்வதும் சொல்லாததும்

வீட்டில் கலந்து செய்த குண்டுகளில் பெரும்பாலும் உப்புகள்தான். அயனி வண்ணப்பிரிகை நைட்ரேட், நைட்ரைட், குளோரேட், பெர்குளோரேட், சல்ஃபேட், அம்மோனியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். சில குழாய்களில் குளோரேட்டும் நைட்ரேட்டும் ஒட்டி வரும், பெர்குளோரேட் வெகுநேரம் உள்ளே தங்கி அடுத்த ஓட்டத்தில் தலைகாட்டும். அதனால் அயனிகளை மின்புலத்தில் பிரிக்கும், வரிசை மாறி வரும் நுண்குழாய் மின்பிரிகையை இரண்டாவது சாட்சியாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் தண்ணீரில் கரைத்துவிட்ட பிறகு எந்த அயனி எதனோடு இருந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. அம்மோனியமும் கிடைத்தது, நைட்ரேட்டும் கிடைத்தது என்பதால் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது என்று ஆகாது. 1993-இல் நியூயார்க் உலக வர்த்தக மைய அடித்தளத்தில் நடந்த வெடிப்பில் இது பெரிதாக வெடித்தது. யூரியா நைட்ரேட் என்ற முடிவை எஃப்.பி.ஐ. ஆய்வக வேதியியலாளர் ஃபிரெடரிக் வைட்ஹர்ஸ்ட் எதிர்த்தார். சாக்கடைக் குழாய் உடைந்த இடம் அது, சிறுநீரில் யூரியா இருக்கிறது, நைட்ரேட் எங்கும் இருக்கிறது. அமெரிக்க நீதித்துறைத் தலைமை ஆய்வாளரின் 1997 அறிக்கை அந்த ஆய்வகத்தின் நடைமுறைகளைக் கடுமையாக விமர்சித்தது. சேர்மத்தைச் சேர்மமாகச் சொல்ல வேண்டுமானால், கரைக்காத படிகம் வேண்டும், அதற்கு எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவோ அகச்சிவப்போ ராமனோ வேண்டும். தண்ணீரை ஊற்றும் முன் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

நம் ஊரில் பின்னணி இன்னும் அடர்த்தி. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் எதைத் துடைத்தாலும் பொட்டாசியம், கந்தகம், அலுமினியம் வரும். பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, அதற்கு முந்தைய சரக்கு வெடித்த இடங்களில் பேரியமும் சேர்ந்திருக்கும். தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. சட்டைப் பையில் தீப்பெட்டி வைத்திருப்பவரின் பையைத் துடைத்தால் குளோரேட் கிடைப்பது இயல்பு. சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை செய்பவரின் கைத்துடைப்பை மற்றவர்களின் கைத்துடைப்போடு அதே அளவுகோலில் படிக்கக் கூடாது. மின்னணு நுண்ணோக்கியோடு எக்ஸ்-கதிர் பகுப்பாய்வு சேர்த்து ஒவ்வொரு துகளாகப் பார்த்தால், ஒரே துகளில் எந்தத் தனிமங்கள் சேர்ந்திருக்கின்றன என்று தெரியும். மொத்தக் கரைசல் தராத செய்தி அது.

இருப்பது ஒன்று, வந்த வழி வேறு

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கில் இருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் லாங் ஐலண்ட் கடலோரத்தில் வெடித்து விழுந்தது, 230 பேர் இறந்தார்கள். சிதைவுகளில் ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என். தடயம் கிடைத்தது. வேதியியல் தவறவில்லை, அவை அங்கே இருந்தன. ஆனால் உலோகத்தில் குண்டு வெடித்ததற்கான குழிகளோ கிழிசல்களோ இல்லை. ஜூன் 10 அன்று செயின்ட் லூயிஸில் நிறுத்தப்பட்டிருந்த அந்த விமானத்துக்குள் மோப்ப நாய்ப் பயிற்சி நடந்ததாக ஒரு விளக்கம் வந்தது. கடல்நீரில் இரண்டு நாள் கிடந்தால் அந்த அளவு எச்சம் முற்றிலும் கரைந்துவிடும் என்று சோதனைகள் காட்டியதால், சிதைவுகளை மீட்ட பிறகு கைபட்டு ஒட்டியிருக்கும் சாத்தியமும் பேசப்பட்டது. கடைசியில் நடுச்சிறகு எரிபொருள் தொட்டியின் ஆவி வெடித்ததே காரணம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

எதிர்ப்பக்கம் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 வெடிப்பில் ஆர்.டி.எக்ஸ். என்று சொன்னது வேதியியல். அது இடுப்புப் பட்டியில் கட்டப்பட்டது என்று சொன்னது துணிக் கிழிசல், வயர், எஃகு மணி, உடல்களின் காயம் இவற்றை ஒன்றோடொன்று பொருத்திய வேலை. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அன்றைய இயக்குநர் பி. சந்திரசேகரன் அதைச் செய்து காட்டினார். 1849-இல் சென்னையில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழிவந்த துறை அது. எச்சத்தையும் சிதைவையும் சேர்த்துப் படித்த வழக்குகள்தான் நின்றிருக்கின்றன.

ஆய்வகமே மாசுபடலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1996-இல் இங்கிலாந்தின் ஃபோர்ட் ஹால்ஸ்டெட் வெடிபொருள் தடயவியல் ஆய்வகத்தில் ஒரு மையவிலக்கிக் கருவியில் ஆர்.டி.எக்ஸ். தடயம் இருந்தது தெரிந்தது. அதன் வழியே போன பழைய வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று, பேராசிரியர் பிரையன் கேடி விசாரித்து அறிக்கை தந்தார். எச்ச ஆய்வுக்கும் மொத்தப் பொருள் ஆய்வுக்கும் தனி அறைகள் போதாது, தனிக் கட்டடமே வேண்டும். எச்ச அறையின் மேஜை, கைப்பிடி, தரை, கருவி எல்லாவற்றையும் முறைவைத்துத் துடைத்துச் சோதித்து, முடிவுகளைக் கோப்பில் வைக்க வேண்டும். கருவியில் ஏற்றும் வரிசையும் மாறக் கூடாது: முதலில் வெறும் கரைப்பான், பிறகு புதுப் பஞ்சு, பிறகு மேஜைத் துடைப்பு, பிறகு வழக்கு மாதிரி, மறுபடி வெறும் கரைப்பான், ஒப்பிடுவதற்கான தெரிந்த வெடிபொருளான தரப் பொருள் கடைசியில். செறிவான தரப் பொருளை முதலில் ஓட்டினால் அதன் மிச்சம் அடுத்த மாதிரியில் எட்டிப் பார்க்கும்.

இந்தியாவில் அரசு ஆய்வகத்தின் அறிக்கையை, நிபுணர் நேரில் வராமலே சாட்சியமாக ஏற்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 293, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 329. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் குழு சம்பவ இடத்துக்குப் போவதும், 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் பிரிவு 176(3)-இல் வருகிறது; ஐந்து ஆண்டுக்குள் மாநில அரசு அறிவிக்கும் நாளில் இருந்து அது கட்டாயம். நிபுணரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யாத வழக்குகளில் அறிக்கையின் ஒவ்வொரு வரியும் அவருக்குப் பதிலாக நிற்கிறது. அதனால் ‘ஆர்.டி.எக்ஸ். கண்டறியப்பட்டது’ என்ற ஒரு வரி போதாது. எந்த இரண்டு தனித்தனி முறைகளில், எந்தப் பொருளில், என்ன அளவில், வெற்று மாதிரிகளில் என்ன வந்தது, எந்த அளவுக்குக் கீழே தங்கள் கருவி காணாது, இவை எல்லாம் எழுத்தில் வேண்டும். இரண்டு முறைகளில் ஒன்றாவது மூலக்கூறின் அமைப்பைக் காட்ட வேண்டும், இரண்டு வேறு சாயத் தெளிப்புகளை இரண்டு முறை என்று எண்ணக் கூடாது. ‘கண்டறியப்படவில்லை’ என்றால், கை கழுவியதாலா, மழையாலா, பொதியாலா, அல்லது எப்போதுமே இல்லையா என்று ஆய்வகத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. அதையும் எழுத வேண்டும்.

கரைசலில் பாதியைத் தொடாமல் பழுப்புக் குப்பியில் ஊற்றி, எடை எழுதி, உறைபெட்டியில் வைத்துவிடுவது கடைசி வேலை. எதிர்த்தரப்பு நாளை மறுசோதனை கேட்டால் கொடுக்க இருப்பது அந்தக் குப்பி ஒன்றுதான்.